பசிக்கோடு

செங்கம்மாள் கஞ்சியை மூன்றாவது தடவையாக வடிகட்டினாள். தம்பி பூபாலனின் பழைய வேட்டி ஒன்றை அவன் மனைவி மார்கரெட்டிடம் கேட்டு வாங்கி, நாலாக மடித்துக் குண்டானின் வாயில் விரித்திருந்தாள். முதல் தடவை நொய் நின்றது. இரண்டாவது தடவை மாவு மாதிரி ஏதோ நின்றது. இப்போது துணியில் ஒன்றுமில்லை. ஆனாலும் துணியை வழித்து விரல்நுனியில் தேய்த்துப் பார்த்தாள். ஒரு திப்பி இருந்தாலும் பூபாலனுக்குப் புரையேறிவிடும்.

"அண்ணி, வேணாம்" என்றாள் மார்கரெட். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

"தண்ணி மாரி கீது பாரு. தண்ணி கூடவா எறங்காது?"

"தண்ணியே நேத்துலேருந்து எறங்கல அண்ணி. பஞ்சுல நனைச்சு உதட்டுல தடவிக்கிட்டிருக்கேன்."

செங்கம்மாள் உப்பைத் தேடினாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் உப்பு ஜாடி எட்டாத உயரத்தில், மேல் பலகையில் இருந்தது. மார்கரெட் ஒரு நொடி தயங்கிவிட்டு, எட்டி அதை எடுத்துக் கொடுத்தாள்.

காலை ஆறு மணிக்கு ஊரில் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் கைபேசிக்கு மார்கரெட் போன் செய்திருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்றாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் அவள். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். செங்கம்மாள் வாயில் பச்சைத் தண்ணீர்கூட ஊற்றாமல், பானையிலிருந்து இரண்டு ஆழாக்குப் புழுங்கலரிசியை அள்ளித் துணியில் முடிந்துகொண்டு கிளம்பினாள். செய்யூரில் ஒரு பஸ், மதுராந்தகத்தில் ஒரு பஸ். ஒன்பதரைக்குச் செங்கல்பட்டில் தம்பி வீட்டு வாசலில் நின்றாள். இங்கே அரிசி கிடைக்காதா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

கேட்டைத் திறந்துவிட்டது பூபாலனின் ஒரே மகள் சிநேகா. பழைய மகாபலிபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், இருபத்துமூன்று வயது. கேட்டிலேயே அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கொடுத்தால் அப்பா சாப்பிடுவார், அம்மா கொடுக்கமாட்டேன் என்கிறாள் என்று சொன்னாள். அவள் கை சுட்டது.

சர்க்கரை வியாதி பூபாலனின் சிறுநீரகங்களைக் கெடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பிறகு இருதயமும் தளர்ந்து, இயந்திரத்தில் படுக்க வைத்தாலே நினைவு தப்பத் தொடங்கியது. பதினோரு நாளைக்கு முன்னால் போதும் என்று சொன்னான். மார்கரெட் ஒப்புக்கொண்டாள். சிநேகா ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மகள் தாயோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"அவரே எழுதிக் குடுத்திருக்காரு அண்ணி" என்றாள் மார்கரெட், குரலைத் தாழ்த்தி. "மூக்குல குழாய் போட வேணாம், கட்டாயப்படுத்தி ஒண்ணும் ஊட்ட வேணாம்னு. கடைசியில பசி தானா அடங்கிடும், அப்ப ஊட்டுனா அது வேதனைதான்னு எனக்குப் படம் போட்டே வெளக்குனாரு."

"பசியப் பத்தி அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்." செங்கம்மாள் கஞ்சியை டம்ளரில் ஊற்றினாள். "எங்கம்மா வெறும் வயித்தோட போச்சு மார்கரெட்டு. இவனையும் அப்பிடி அனுப்ப என்னால ஆவாது."

கஞ்சி ஆறட்டும் என்று செங்கம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

பூபாலன் கண்ணை மூடியிருந்தான். முகம் உப்பி, தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. மூச்சில் ஒரு கெட்ட வாடை. ஐம்பத்தேழு வயது; அவளைவிட ஐந்து வயது சின்னவன். ஜன்னலுக்கு வெளியே ரயில்பாதையும், அதைத் தாண்டிக் கொளவாய் ஏரியும் தெரிந்தன. மாசி வெயிலில் ஏரி வெள்ளையாகக் கிடந்தது.

அவர்கள் காலனியிலிருந்து டாக்டருக்குப் படித்த முதல் ஆள் அவன். படித்து முடித்ததும் பையோடு வந்து ஊசி போடுவான் என்று காலனி காத்திருந்தது. அவனோ மேல்படிப்புக்கு உடலியல் எடுத்து, மருத்துவக் கல்லூரியில் வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தான். காய்ச்சல் என்று வந்தவர்களுக்குச் சீட்டு எழுதி வேறு டாக்டரிடம் அனுப்பினான். ஊசி போடாத டாக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. செங்கம்மாளுக்குக் கொஞ்ச காலம் அது அவமானமாகவே இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டாள், நீ என்னதான்டா வேலை பார்க்கிறாய் என்று.

அவன் சந்தோஷமாகச் சொன்னான். வயிறும் குடலும் சோறு அரைக்கிற இயந்திரம் மட்டுமில்லை. ரத்தத்தில் ஒரு சரக்கை விட்டு அவை மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. அதற்கு ஹார்மோன் என்று பெயர். சோறு வந்து சேர்ந்தது என்று ஒரு சேதி, போதும் என்று ஒரு சேதி. பசிக்கிறது என்ற சேதியை மட்டும் எது கொண்டுபோகிறது என்று உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

"அந்தக் காயிதத்த நடுவுல புடிச்சுப் பிரிச்சுப் பாக்கறதுதான்க்கா என் வேலை" என்றான்.

பசிக்கிறது என்று சொல்லக் காயிதம் வேறு வேண்டுமா என்று அவள் நினைத்தாள். ஆனால் அன்றிலிருந்து யாராவது ஊசி போடாத டாக்டர் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வந்தது.

அவன் லண்டனுக்குப் போய் மூன்று வருஷம் அதே வேலையைக் கற்றுக்கொண்டான். அங்கேயே இருக்கச் சொன்னார்கள். திரும்பி வந்துவிட்டான். அந்த ஊரில் பசியை உண்டாக்குவதற்கே ஆளைப் பிடித்துப் பட்டினி போட வேண்டியிருக்கிறது என்று மார்கரெட்டிடம் சொல்லிச் சிரித்தானாம்.

தொண்ணூற்றிரண்டில் மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஐஸ்பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு காலனிக்கு வந்தான். கூட அருணகிரி என்று கல்லூரியில் பரிசோதனைக்கூட வேலை பார்ப்பவர். அறுபத்துமூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்தி, காலையில் ரத்தம் எடுப்பார்கள். பிறகு கஞ்சி. அரை மணி கழித்து இன்னொரு தடவை ரத்தம். அறுவடை மாதத்தில் ஒரு முறை, வேலையில்லாத அடைமழை மாதத்தில் ஒரு முறை.

ஒவ்வொரு தடவையும் ரத்தத்துக்கு முன்னால் ஒரு காகிதம் நீட்டுவான். அதில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஒரு முனையில் பொங்கி நிறைந்த பானை, மறு முனையில் கவிழ்த்த பானை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அவனே வரைந்தது. இப்போது உன் பசி எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கீற்று போடு என்பான். பென்சிலை முதன்முதலாகப் பிடித்தவர்கள் நிறையப் பேர். ஆளுக்கு ஒரு எண். செங்கம்மாள் பதினேழு.

இரண்டு வருஷத்து ரத்தம் கல்லூரி உறைபெட்டியில் சேர்ந்தது. பரிசோதிக்கும் மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தான். அந்த ஐப்பசியில் புயல் வந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து நாலு நாள் கரண்ட் இல்லை. இருந்த ஜெனரேட்டர் ஆப்பரேஷன் அறைக்கே போதவில்லை. அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அருணகிரியும் அவனும் ஸ்கூட்டரில் ஐஸ் தேடிப் போனார்கள். சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் என்று மீன் இறங்குகிற இடமெல்லாம் அலைந்தார்கள். ஐஸ் கம்பெனிகளும் கரண்ட் இல்லாமல் நின்றுதான் இருந்தன. ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்தபோது எல்லாக் குப்பியிலும் ரத்தம் உருகிக் கெட்டிருந்தது.

காலனிக்கு வந்து வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உங்கள் ரத்தத்தை வீணாக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னான். படித்தவர் ஒருவர் அந்த வாசல்களில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டது அதற்கு முன் நடந்ததில்லை. சந்திரம்மாதான் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அதுக்கு இன்னா இப்ப? ரத்தம் ஊறாதா? வந்து எடுத்துக்கோ" என்றாள்.

அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வளர்ந்த பிறகு தம்பி அழுது செங்கம்மாள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுபடி தொடங்க ஏழு வருஷம் ஆனது. எழுதிப் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் திரும்பி வந்தன. அதற்குள் கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ அந்தச் சேதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பசியை மூளைக்குச் சொல்கிற ஹார்மோன் இரைப்பையிலிருந்தே புறப்படுகிறது என்று செய்தி வந்தது. அந்தப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு அவன் அக்காவிடம்தான் முதலில் ஓடி வந்தான். பறிகொடுத்தவன் மாதிரியே இல்லை. யார் பிரித்தால் என்ன, காயிதம் கிடைத்துவிட்டதே என்றான். திரும்ப அதே காலனி, அதே கோடு. அறுபத்துமூன்றில் பன்னிரண்டு பேர் செத்துப் போயிருந்தார்கள். இந்தத் தடவை எதையும் சேர்த்து வைக்கவில்லை. அருணகிரி ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் அன்றன்றே சென்னைக்குக் கொண்டுபோனார்.

கஞ்சி ஆறிவிட்டது.

சிநேகா தலையணையை உயர்த்தி அப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டாள். மார்கரெட் கால்மாட்டில் நின்றாள். செங்கம்மாள் ஸ்பூனில் கால்வாசி எடுத்து, டம்ளர் விளிம்பில் வழித்து, அவன் உதட்டருகே கொண்டுபோனாள்.

"பூபாலா, அக்காடா. ஒரு வாயி."

அவன் கண் திறந்தது. அவளை அடையாளம் கண்டுகொள்ள நேரம் பிடித்தது. ஸ்பூன் உதட்டில் பட்டது. உதடு திறக்கவில்லை. அவள் ஸ்பூனை எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தாள். பிறகு அவன் உதடு அசைந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"சாப்ட்டேன்க்கா" என்றான்.

அவள் கை நின்றுவிட்டது. எப்படா சாப்ட்ட என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. அவன் கண் மெல்ல நகர்ந்து அவள் கையிலிருந்த டம்ளருக்கு வந்தது.

"நீ குடி."

சிநேகா அத்தையைப் பார்த்தாள். மார்கரெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செங்கம்மாள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு டம்ளரைத் தூக்கிக் குடித்தாள். காலையிலிருந்து ஒன்றும் படாத வயிறு. கஞ்சி இறங்குவது தெரிந்தது. பாதியில் நிறுத்தினாள். அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். மீதியையும் குடித்தாள். கடைசி மடக்கு இறங்கும்வரை அவன் கண் அவள் தொண்டையிலேயே இருந்தது. அப்புறம் மூடிக்கொண்டது.

சாப்ட்டேன் என்ற அந்த வார்த்தை அவளுடையது. அவனுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றில், வயிற்றையும் குடலையும் ஆராய்கிறவர்கள் பல தேசத்திலிருந்து வந்து கூடியிருந்தார்கள். தான் பேசுகிற நாளில் பூபாலன் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனான். அவள் கடைசி வரிசையில் மார்கரெட்டுக்குப் பக்கத்தில், குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கோடு, அதைச் சுற்றிப் புள்ளிகள். அவன் இங்கிலீஷில் பேசினான். ஒரு வெள்ளைக்காரர் எழுந்து ஏதோ கேட்டார். அவன் இரண்டு வரியில் பதில் சொன்னான்.

மத்தியானச் சாப்பாடு நீளமான மேசைகளில் பரப்பியிருந்தது. எதை எடுப்பதென்று தெரியாமல் அவள் சோறும் கொஞ்சம் ரசமும் எடுத்துக்கொண்டாள். பூபாலன் அவள் தட்டை வாங்கி மீன், கறி, இனிப்பு என்று நிரப்பிக் கொடுத்தான். தான் எடுத்துக்கொள்ளவில்லை. யார் யாரோ வந்து கைகொடுத்தார்கள். கொடுத்துவிட்டு மறுபடி அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் இருவரும் கடலோரம் நடந்தார்கள். மார்கரெட் ஓட்டல் புல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் பேசிய விஷயத்தை அக்காவுக்குச் சொன்னான். ஆண்கள் கோட்டில் போட்ட கீற்றும் அவர்கள் ரத்தமும் ஒத்துப்போகின்றன. பெண்களுடையது ஒத்துப்போகவில்லை. ரத்தம் பசி பசி என்கிறது. பென்சில் கீற்று நிறைந்த பானைப் பக்கத்தில் நிற்கிறது. படிக்காத பெண்களுக்குக் கோடு புரியவில்லையோ என்றுதான் அந்த வெள்ளைக்காரர் கேட்டாராம்.

"நல்லாப் புரிஞ்சுதான் போட்டாங்கன்னு சொன்னேன்" என்றான். கொஞ்ச தூரம் நடந்தான். "பதினேழாம் நம்பர்தான்க்கா எல்லாத்தையும் விட மோசம். பதினாலு மணி நேரம் ஒண்ணும் சாப்புடாம, நெறஞ்ச பானை கிட்ட கோடு போட்டிருக்க."

"அன்னிக்குப் பசிக்கலடா."

"ரத்தம் அப்பிடிச் சொல்லலியே."

அவள் கடலைப் பார்த்தாள். ஒரு கட்டுமரம் கரையேறிக்கொண்டிருந்தது.

"நான் படிக்கசொல்ல, நான் சாப்ட்டேன் நீ சாப்புடுன்னு தெனம் சொல்லுவியே. அது..."

"தண்ணி ஏறுது பாரு. செருப்பக் கையில எடு" என்றாள் செங்கம்மாள்.

அவன் குனிந்தான். தன் செருப்போடு அவள் செருப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். ஓட்டல் வரும்வரை அவனே வைத்திருந்தான். பிறகு அதைப் பற்றி இருவரும் எப்போதும் பேசவில்லை.

கஞ்சி குடித்த அன்று சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்குப் பூபாலனின் மூச்சு விட்டு விட்டு வரத் தொடங்கியது. மார்கரெட் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ஒரு ரயில் போயிற்று. ஜன்னல் கம்பி அதிர்ந்து நின்றது. அடுத்த மூச்சுக்கு மூவரும் காத்திருந்தார்கள். மார்கரெட் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குப் பார்த்த மாதிரியே பார்த்தாள். பிறகு கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அம்மாவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று பூபாலன் சொல்லியிருந்தான். மறுநாள் காலை வேனில் ஊருக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் வேர்க்கடலைக் காடு, சவுக்குத் தோப்பு. காலனி மொத்தமும் ரோட்டுக்கு வந்து நின்றது. பாதிரியார் ஜெபம் செய்தார். காலனிக்காரர்கள் பறை அடித்தார்கள். இரண்டையும் யாரும் தடுக்கவில்லை.

கல்லூரியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் குழிக்கருகில் நாலு வார்த்தை பேசினார். நல்ல மனிதர், நல்ல ஆசிரியர் என்றார். லண்டனிலேயே இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார், இங்கே வந்ததால் நாலு கட்டுரைகளோடு முடிந்துபோனது என்று வருத்தப்பட்டார். மனசாரத்தான் சொன்னார். அருணகிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பேச்சு முடிந்ததும் நேரே சந்திரம்மாவிடம் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் எண் ஒன்பது என்றார். பக்கத்திலிருந்த கிழவனிடம் நாற்பத்திரண்டு என்றார். ஒவ்வொருவர் எண்ணும் அவருக்கு நினைவிருந்தது. செத்துப் போனவர்கள் எண்ணையும் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டே போனவர், நடுவில் முடியாமல் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டார். சிநேகா போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

மண் தள்ளும்போது மார்கரெட் முதல் பிடி போட்டாள். சிநேகா அம்மா போட்ட இடத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று போட்டாள்.

செங்கம்மாள் அவர்களோடு செங்கல்பட்டுக்குத் திரும்பி வந்தாள். மூன்றாம் நாளுக்கு இருக்க வேண்டும். வீட்டில் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தார்கள். அக்கம்பக்கத்திலிருந்து சாப்பாடு வந்தது. மார்கரெட் பாத்திரத்தைத் திறந்து, பார்த்து, மூடி வைத்தாள். பூபாலனின் மாத்திரைகளை அட்டை அட்டையாகப் பிரித்து, ஆஸ்பத்திரியில் யாருக்காவது உதவும் என்று ஒரு பையில் கட்டினாள். படுக்கை விரிப்பைத் துவைத்தாள். காய்ந்ததை எடுத்து மறுபடி துவைத்தாள்.

மூன்றாம் நாள் காலை பின்வாசல் படியில் செங்கம்மாள் அகத்திக்கீரைக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிநேகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளும் ஒரு கொத்தை எடுத்து உருவினாள். பழக்கமில்லாத கை, காம்பும் சேர்ந்து வந்தது.

"அப்பா அன்னிக்குப் பொய்தானே அத்தை சொன்னாரு?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாமயா குடிச்சேன்."

சிநேகா கீரையைக் கீழே வைத்தாள். மாற்றி மாற்றி ஏதோ சொல்ல முயன்றாள். டயாலிசிஸை நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு மாதமாவது இருந்திருப்பாரே என்றாள். அம்மா நினைத்திருந்தால் அவரை ஒத்துக்கொள்ள வைத்திருக்கலாம் என்றாள். அம்மா அழவேகூட இல்லை என்றாள்.

செங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். உருவிய இலையைக் கையால் கோதிவிட்டாள்.

"எனக்கு அவன் ஒரு பொய்ய சொல்லி அனுப்பிட்டான். உங்கம்மாவுக்கு உண்மையத்தான் சொன்னான். அத வச்சிகினு பதினோரு நாளு அவன் பக்கத்துல உக்காந்திருக்குது அது" என்றாள். "அந்தப் பதினோரு நாளும் அது இன்னா துன்னுச்சுன்னு நீ பாத்தியா?"

துவைக்கிற கல்லின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து பறந்து போனது. அவள் எழுந்தாள். படியில் நின்று கைவிரலில் ஒட்டியிருந்த இலையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பிறகு உள்ளே போனாள்.

மார்கரெட்டின் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பேச்சுக் குரல், தாழ்ந்து, விட்டு விட்டு. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. யாரோ அழுகிற மாதிரி இருந்தது. யார் என்றும் தெரியவில்லை.

கீரை உருவி முடிந்திருந்தது. உலை வைக்க நேரமாகிவிட்டது. செங்கம்மாள் எழுந்திருக்கவில்லை. முறத்திலிருந்த இலையை மறுபடி கிளறி, சிநேகா உருவியதில் கலந்திருந்த காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினாள்.